கட்டிப்போட்ட குரங்குக்குத் தலை ஏன் சாய்கிறது?

போன மாதம் இந்தப் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் குரங்கைச் சங்கிலியில் கட்டி வளர்க்காதீர்கள் என்று நான்கே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் படித்து முடிக்கவே இரண்டு இரவு ஆனது. அதில் முதல் கடிதம் என்னைத் தூங்க விடவில்லை. ஆகவே ஆடு, கோழி, பூனைக் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், இந்த முறை முழுக்கக் குரங்குதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் நாய் கடித்துத் தாய் செத்துப்போனதால் ஒரு கேரா (நீள்வால் குரங்கு) குட்டியை என் கணவர் தூக்கி வந்தார். இரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறது. ஒரு வாரமாகப் பின்னங்காலை இழுக்கிறது, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருக்கிறது, பழத்தை நீட்டினால் கை தவறுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் "பூச்சி மூளைக்கு ஏறிவிட்டது, பூச்சி மாத்திரை கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

கொடுக்காதீர்கள் தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். புழு மூளைக்குப் போகும், அது கட்டுக்கதை இல்லை. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவை. 1935-இல் சீனாவின் கேன்டன் நகரத்து எலிகளில் முதலில் கண்டுபிடித்தார்கள். 1945-இல் தைவானில் மனிதரிடமும் பார்த்தார்கள். நம் நாட்டு எலிகளில் அதன் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது, 1971-இல் அதற்கு மலேசியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இந்தப் புழு வாழும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் குரங்குக்கு என்ன நடந்திருக்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. வளர்ந்த புழு எலியின் நுரையீரல் இரத்தக்குழாயில் கிடக்கும். அங்கே முட்டையிடும், குஞ்சு பொரிந்து தொண்டைக்கு ஏறும், எலி அதை விழுங்கும், புழுக்கையோடு வெளியே வரும். நத்தை அந்தப் புழுக்கையை மேயும். நத்தையின் உடம்புக்குள் குஞ்சு இரண்டு முறை தோலுரித்துத் தயாராகிவிடும். இன்னொரு எலி அந்த நத்தையைத் தின்றால், குஞ்சுகள் நேராக அதன் மூளைக்குப் போய் சில வாரம் தங்கி வளர்ந்து, பிறகு நுரையீரலுக்கு இறங்கிவிடும். எலிக்கு இதனால் பெரிய தொந்தரவில்லை, அதன் உடம்பில் வழி திறந்திருக்கிறது. குரங்கும் மனிதனும் அந்த நத்தையையோ நத்தைத் துண்டு ஒட்டிய கீரையையோ தின்றால், குஞ்சு அதே வழியில் மூளைக்கு வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் அங்கிருந்து இறங்கத் தெரியாமல் அலைந்து அங்கேயே செத்துப்போகும். அலையும்போது வரும் புண் ஒரு பக்கம், செத்த புழுவைச் சுற்றி உடம்பு மூட்டுகிற வீக்கம் இன்னொரு பக்கம். கால் இழுப்பதும் கை தவறுவதும் இதனால்தான்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். குடல் புழுவுக்கு மாத்திரை போட்டால் செத்த புழு வெளியே போய்விடும். மூளையில் இருப்பவை ஒரே நாளில் மொத்தமாகச் செத்தால் எங்கே போகும்? வீக்கம் சட்டென்று ஏறும். மனிதர்களுக்கு வரும்போதே புழுமருந்து கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள், கொடுத்தாலும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தோடுதான் கொடுப்பார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்துக் கால்நடைகளைப் பார்க்கும் உதவியாளனாக இருந்தபோது, ஒரு லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கட்டியிருந்த குரங்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். "பேய் அடித்துவிட்டது" என்று பாட்டி வேப்பிலை கட்டியிருந்தார். ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன். அது பழத்தைத்தான் பார்த்தது, கை மட்டும் இரண்டு விரல் கடை இடது பக்கம் போய் வெறும் காற்றைப் பிடித்து மூடியது. மறுபடியும் நீட்டினேன், மறுபடியும் காற்று. மூன்றாவது முறை அது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தது. தண்ணீர் வைத்திருந்த மைலோ டின்னின் வெளிப்பக்கத்தில் நத்தை போன தடம் வெள்ளியாக மின்னியது, டின்னைத் தூக்கினால் அடியில் ஓடில்லாத நத்தைகள் நான்கைந்து ஒட்டியிருந்தன. அன்று எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. ஆட்டுக்குக் கொடுக்கும் புழுமருந்தை அளவு குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது எழவில்லை, ஐந்தாம் நாள் செத்தது. அறுத்துப் பார்க்கவில்லை, ஆகவே அது இன்ன புழுதான் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மருந்தை நான் கொடுத்திருக்கக் கூடாது.

அப்புறம், கால் இழுத்தாலே புழு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மெழுகு விஷக்கட்டியைக் கடித்திருந்தால் உள்ளே இரத்தம் கசியும், மூளையிலும் கசியலாம். விழுந்து அடிபட்டிருக்கலாம். இரண்டு வருடமாக வெள்ளைச் சோறும் ரொட்டியும் மட்டும் தின்று, கொட்டகை நிழலிலேயே கட்டிக் கிடக்கும் குட்டிக்கு எலும்பு வலுவிழந்து கால் தொய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தலை சாய்வதற்குக் காதுக்குள் சீழ் பிடித்ததுகூடக் காரணமாகலாம். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: சங்கிலியை அவிழ்த்து, ஏறி விழ முடியாத தாழ்வான இடத்தில், வெளிச்சமும் சத்தமும் குறைவாக, கோணிப்பை மடித்துப் போட்டுப் படுக்க வையுங்கள். வாயைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் தசை சரியில்லாவிட்டால் புரையேறிவிடும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அது நடப்பதையும் கை நீட்டுவதையும் கைப்பேசியில் வீடியோ எடுங்கள், நாலு வார்த்தை சொல்வதைவிட அந்த அரை நிமிடம் டாக்டருக்கு உதவும். பிறகு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் செய்யுங்கள். லைசென்ஸ் இல்லாமல் கேராவை வளர்ப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், பயந்துதான் இத்தனை நாள் யாரையும் கூப்பிடாமல் இருந்திருப்பீர்கள் என்று கடிதத்தைப் படித்தபோதே புரிந்தது. பயத்தை ஓரமாக வையுங்கள். நீங்களே முன்வந்து, தூக்கி வந்த கதையை அப்படியே சொல்லுங்கள். அது படுகிற அவஸ்தைக்கு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் குரங்கு நத்தையைத் தொடக்கூடத் தொடாது. பிறகு எப்படி வரும்? (வாசகர், தைப்பிங்)

முழு நத்தையைப் பிடித்துத் தின்ன வேண்டும் என்றில்லையே ஐயா. கங்கோங் கீரைக் கட்டுக்குள், சாவிக் கீரை இலையின் அடித்தண்டில், அரிசி அளவு குட்டி நத்தை ஒளிந்திருக்கும், இலையோடு சேர்த்து மென்றுவிடும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்த நத்தையிலிருந்தும் குஞ்சு தண்ணீருக்கு வரலாம். தவளை, நன்னீர் இறால், நண்டு, நிலத்தில் ஊரும் தட்டைப்புழு, உடும்பு, இவையெல்லாம் நத்தையைத் தின்று அந்தக் குஞ்சுகளைத் தங்கள் உடம்பில் சுமக்கும். குரங்குக்குத் தவளை கிடைத்தால் விடுமா? நம்மவர்களில் உடும்புக் கறி சாப்பிடுகிறவர்கள் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். உடும்பின் ஈரலை மருந்து என்று பச்சையாக விழுங்கவே கூடாது.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். சுங்கை சிப்புட், மலாயில் நத்தை ஆறு. மலாய்க்காரர்கள் சிப்புட் பாபி என்று சொல்கிற அந்தப் பெரிய பழுப்பு நத்தை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இந்தப் புழுவுக்கு அது நல்ல வீடு. செம்பனையில் கீழே சிதறும் பழத்துக்கு எலி வரும். எலியைப் பிடிக்க நிர்வாகம் ஆந்தைப் பெட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த அளவுக்கு எலி. எலியும் நத்தையும் ஈரமும் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஒரு மிருகத்தை இரண்டு மீட்டர் சங்கிலியில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? காட்டில் குரங்கு ஓர் இடத்தில் தின்று, இன்னோர் இடத்தில் தூங்கி, தான் எச்சமிட்ட கிளையை விட்டுப் போய்விடும். சங்கிலியில் கிடப்பது அதே மண்ணில் தின்று, அதே மண்ணில் கழிந்து, நாம் வைத்த டின்னில்தான் குடிக்கிறது. அதன் தட்டுக்கு வருவதெல்லாம் நம் கை வழியாக வருவதுதான். மற்ற கேள்விகளுக்கும் நான் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப்போகிறேன்.

கேள்வி: ஈப்போவில் இருக்கும் என் அண்ணன் மகன் பெரிய விலை கொடுத்து ஒரு மார்மோசெட் வாங்கியிருக்கிறான். வீட்டில் இரண்டு பூனையும் உண்டு. பூனையால் குரங்குக்கு மூளைக்காய்ச்சல் வரும் என்று படித்தேன், உண்மையா? எங்கள் தோட்டத்துக் கேராக்கள் பூனையோடு விளையாடுகின்றனவே? (வாசகர், கோலகங்சார்)

உண்மைதான், நீங்கள் கேட்ட வித்தியாசமும் உண்மை. நல்ல கண் உங்களுக்கு.

இது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஓரணுக் கிருமி. 1908-இல் துனிசியாவில் ஒரு கொறிக்கும் பிராணியிலும், அதே ஆண்டு பிரேசிலில் முயலிலும் கண்டுபிடித்தார்கள். பூனை இனத்தின் குடலில் மட்டும்தான் இது முட்டை போன்ற வித்தாக உருவாகி மலத்தோடு வெளியே வரும். ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த குரங்குகள், நம் கேரா உட்பட, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வந்தது தெரியாமலே போய்விடும். தென் அமெரிக்கக் குரங்குகளான மார்மோசெட், டாமரின், அணில் குரங்கு ஆகியவற்றின் கதை வேறு. அவற்றுக்கு வந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும், சில நேரம் நேற்று துள்ளியது இன்று காலையில் கூண்டின் அடியில் கிடக்கும். மூளையை மட்டுமல்ல, நுரையீரல், ஈரல், மண்ணீரல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடிக்கும். அவை தலைமுறை தலைமுறையாக மர உச்சியிலேயே வாழ்ந்து, தரையில் கிடக்கும் பூனை மலத்தோடு பழக்கமில்லாமல் போனவை என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

பூனையைத் துரத்த வேண்டாம், பாவம். ஒரு பூனை பொதுவாக முதல் முறை கிருமி தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம்தான் இந்த வித்துகளைக் கழிக்கும். கழித்த உடனே அவற்றுக்குத் தொற்றும் சக்தி கிடையாது, அதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே பூனை மணல் பெட்டியைத் தினமும் காலியாக்கினால் பாதி ஆபத்து போய்விடும். குளோரின், டெட்டால் எதற்கும் அவை சாகாது, கொதிக்கும் தண்ணீர்தான் மருந்து. கரப்பான்பூச்சியும் ஈயும் காலில் ஒட்டிக் கொண்டுபோகும், ஆகவே மார்மோசெட்டின் உணவைத் திறந்து வைக்கக் கூடாது, பச்சை இறைச்சித் துண்டு எதுவும் கொடுக்கக் கூடாது, பூனைப் பெட்டியைச் சுத்தம் செய்த கையோடு பழம் நறுக்கக் கூடாது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் பூனைப் பெட்டியை வேறொருவர் பார்க்கட்டும், வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் கண்ணையும் இது பாதிக்கும்.

உங்கள் அண்ணன் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தக் குரங்கு அங்கே இருக்க வேண்டிய மிருகமே இல்லை.

கேள்வி: நான் படிவம் 5 மாணவி. பெரிய மிருகக்காட்சிசாலைகளில் டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் குரங்குகளுக்கு இப்படி வந்திருக்கிறதா? பள்ளி அறிவியல் கட்டுரைக்கு வேண்டும்.

வந்திருக்கிறது தங்கை, அதில் ஒன்று மருத்துவத்துக்கே ஒரு புதிய கிருமியைக் காட்டிக்கொடுத்தது. 1986-இல் அமெரிக்காவின் சான் டியாகோ வனவிலங்குப் பூங்காவில் கருவுற்றிருந்த ஒரு மாண்ட்ரில், முகத்தில் நீலமும் சிவப்புமாக இருக்குமே அந்த இனம், நரம்புக் கோளாறோடு செத்தது. அதன் மூளையில் அதுவரை யாரும் பார்க்காத அமீபா இருந்தது. மண்ணில் வாழ்வது, புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடம்புக்குள் போய் மெதுவாக மூளைக்குச் சேர்வது. 1993-இல் அதற்குப் பலமுத்தியா மாண்ட்ரிலாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரின் முன்பாதி அமீபா ஆய்வாளர் வில்லியம் பலமுத் நினைவாக, பின்பாதி செத்துப்போன அந்த மாண்ட்ரில் நினைவாக. பிறகு தேடத் தொடங்கினால் கூண்டில் வளர்ந்த கொரில்லாவிலும் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கிலும் மனிதர்களிலும் அதே கிருமி. நாளிதழ்கள் "மூளை தின்னும் அமீபா" என்று எழுதுவது பெரும்பாலும் வேறொன்றை, வெதுவெதுப்பான நன்னீரில் மூக்கு வழியாகப் போவது, கட்டுரையில் இரண்டையும் குழப்பிவிடாதே.

நான் மேலே சொன்ன எலிப்புழு ஆஸ்திரேலியாவில் கூண்டில் வளர்ந்த ஐந்து டாமரின் குரங்குகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்ததாக 1998-இல் கட்டுரை வந்தது. அமெரிக்காவின் மியாமியில் ஒரு வெள்ளைக்கை கிப்பனுக்கும் அதே புழு, 2004-இல் எழுதினார்கள். காலையில் நம் பேராக் காடுகளில் ஊங்கா என்று கூவுகிறதே, அதே இனம்தான். எங்கோ மியாமியில் நம் பக்கத்துப் புழுவால் செத்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

வட அமெரிக்காவில் ரக்கூன் என்ற பிராணியின் குடலில் ஓர் உருண்டைப்புழு உண்டு. ஒரு பெண் புழு நாளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் முட்டையிடும், மண்ணில் அவை வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். ரக்கூன் இருந்த கூண்டைக் கழுவிவிட்டு வேறு மிருகத்தை விட்டாலே போதும், குஞ்சு மூளைக்குப் போய்விடும், குரங்குகளும் அதற்குப் பலியாகின்றன. அந்தப் பிராணி இங்கே இல்லை, நமக்குக் கவலையில்லை. ஆனால் பன்றி நாடாப்புழு நம்மிடம் இருந்தே குரங்குக்குப் போகக்கூடியது: அந்தப் புழு குடலில் உள்ள மனிதரின் மலம் பட்ட உணவைக் குரங்கு தின்றால் அதன் மூளையில் நீர்க்கட்டி உண்டாகும். இதையும் எழுது, ஆசிரியருக்குப் பிடிக்கும்.

கேள்வி: நோய் வந்த குரங்கிடமிருந்து எங்களுக்கு ஒட்டுமா? குரங்கு மலேரியாவும் மூளைக்குப் போகுமா? (வாசகர், குவா மூசாங்)

மூளையில் எலிப்புழு இருக்கிற குரங்கு உங்கள் மடியில் உட்கார்ந்தாலும் அது ஒட்டாது. ஆனால் கடித்தால் விடாதீர்கள். கேரா குரங்குகளின் எச்சிலில் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் இருக்கலாம், அவற்றுக்கு வாயோரம் கொப்புளத்தோடு போவது, மனிதருக்கு மூளையையே பிடிக்கும். 1932-இல் அமெரிக்காவில் குரங்கு கடித்த ஓர் இளம் டாக்டர் இறந்தபோதுதான் இது தெரிந்தது. அரிதுதான், இருந்தாலும் கடிபட்ட இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குரங்கு கடித்தது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

குரங்கு மலேரியாவைப் பரப்புவது கொசு. 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்க நில அளவையாளரிடம்தான் இயற்கையாக மனிதருக்கு வந்ததை முதலில் கண்டார்கள். பிறகு 2004-இல் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் சரவாக்கின் காப்பிட்டில் 208 மலேரியா நோயாளிகளைச் சோதித்தால் 120 பேருக்கு இந்தக் குரங்கு வகை. மற்ற கடுமையான மலேரியாவைப் போல இது மூளையை அடைத்து மயக்கத்தில் தள்ளுவது வழக்கமில்லை, ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் வேகமாகக் கெடுத்துவிடும். காட்டோரம் வேலை செய்துவிட்டுக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள், இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றி நத்தை. உப்புப் போட்டுக் கொல்கிறோம், சரிதானா? நாங்கள் வல்லாரையைப் பச்சையாக அரைத்துச் சாப்பிடுகிறவர்கள். (வாசகி, சுங்கை சிப்புட்)

உப்புப் போட்டால் நத்தை கரைந்து அந்தக் கோழை தரையெல்லாம் பரவும், குஞ்சுகளும் அதோடு வெளியே வரலாம். நத்தை மருந்துக் குருணை கடையில் விற்கிறார்கள், நாய்க்கும் குரங்குக்கும் அது விஷம், கட்டிப்போட்ட மிருகம் இருக்கிற இடத்தில் தூவவே கூடாது. மழை விட்ட இரவில் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போங்கள், பலகைக்கு அடியில், பூந்தொட்டிக்கு அடியில், நாய்த் தட்டுக்கு அடியில் பாருங்கள். வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, பழைய பால்டியில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் புதைத்துவிடுங்கள்.

வல்லாரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் கட்டோடு தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. இலை இலையாகப் பிரித்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள். நத்தை தின்ற ஓட்டையோ கோழை மின்னுகிற தடமோ இருந்தால் அந்த இலையை வீசிவிடுங்கள். மழைக்காலத்தில் பச்சையாக வேண்டாம், கொதிக்க வைத்து ரசமாக வைத்துச் சாப்பிடலாம். பிள்ளைகள் பந்தயத்துக்கு நத்தையை விழுங்குகிறார்களா என்று ஒரு கண் வையுங்கள், ஆஸ்திரேலியாவில் 2010-இல் ஓர் இளைஞர் நண்பர்களோடு இருந்தபோது அப்படி விழுங்கி, ஒரு வருடத்துக்கு மேல் கோமாவில் கிடந்து, கைகால் வராமல் எட்டு வருடம் கழித்து இறந்துபோனார்.

முதல் கடிதம் எழுதிய தங்கச்சிக்கு: இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, நீங்கள் அனுப்பிய எண்ணில் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். டாக்டர் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அதுவரை அந்தத் தண்ணீர் டின்னைத் தரையில் வைக்காதீர்கள்.